இரண்டு மண்டபத்து மாப்பிள்ளை

யாரும் கை தூக்காமலேயே டிரைவர் வேதாசலம் அந்தப் படத்தைப் போட்டுவிட்டார். அதுவும் நேராகக் கடைசி முக்கால் மணி நேரத்தை.

"ஐயோ, என் படம்!" என்று விஜயகுமாரி கைதட்டினாள்.

கம்பெனி பஸ்ஸில் அவ்வளவு லேசில் படம் போட்டுவிட மாட்டார்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனி வாசலில் ஏறியதும் கை தூக்கி ஓட்டுப் போட வேண்டும். பாதிப் பேருக்கு அழுகைப் படம் வேண்டும், மீதிப் பேருக்குச் சண்டைப் படம். விஜயகுமாரியின் கை மட்டும் எப்போதும் ஒரே படத்துக்குத்தான் உயரும். எப்போதும் தோற்கும்.

ஒரே முகூர்த்தத்தில் இரண்டு மண்டபத்தில் தாலி கட்ட வேண்டிய மாப்பிள்ளையின் கதை. படம் முழுக்க அவன் பின்வாசல் வழியாக ஓடிக்கொண்டே இருப்பான். கருத்து கிடையாது, கண்ணீர் கிடையாது, சிரிப்பைத் தவிர ஒரு புண்ணாக்கும் கிடையாது. அதனால்தான் அவளுக்குப் பிடிக்கும்.

இன்று அவளுக்கு முன் சீட்டு. டிவிக்கு நேர் எதிரே இருக்கும் அந்த இடத்தை லைன் சூப்பர்வைசர் பாரதி இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இன்று தானாக நகர்ந்து, பக்கத்தில் அவளை உட்கார வைத்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, இன்னிக்கு எனக்கு ராஜ உபசாரம்?"

"கம்முனு படத்தப் பாருடி" என்றாள் பாரதி.

பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். விஜயகுமாரிக்கு மட்டும் தெரியாது.

இரண்டு வருஷமாக ஈரல் கெட்டுப் படுத்திருந்த அவள் கணவன் கனகராஜ் நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். வீட்டில் இருப்பது ஒரே போன், அது அவன் தலைமாட்டில்தான் கிடக்கும். அதனால் செய்தி ஆபீஸுக்கு வந்தது. ஷிப்ட் முடிவதற்குள் அவளைத் தவிர்த்து லைன் முழுக்கப் பரவிவிட்டது.

கம்பெனியில் வைத்து யாருக்கும் சாவுச் செய்தி சொல்வதில்லை. மெஷின் ஓடும் இடத்தில் ஒருத்தி மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? ஊரில் இறங்கித் தெரிந்துகொள்ளட்டும், அதுவரைக்குமாவது சிரித்துக்கொண்டு போகட்டும் என்று டிரைவரிடம் சொல்லிப் படம் போட வைத்தவள் பாரதிதான்.

பாரதியக்காவுக்குத்தான் இப்படி ஒரு மனசு வரும் என்று பின் சீட்டில் கிசுகிசுத்தார்கள். அது பாரதியின் காதிலும் விழுந்தது.

விஜயகுமாரிக்கு வசனம் அத்தனையும் மனப்பாடம். நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்பே குரலை மாற்றி, கண்ணை உருட்டி அவள் சொல்லிவிடுவாள். மற்ற நாட்களில் படமே ஓடாவிட்டாலும் அதைப் பார்த்துப் பஸ் சிரிக்கும். இன்று சிரிக்க வேண்டுமே என்று சிரித்தார்கள். சிரிப்பு முந்திக்கொண்டும் பிந்திக்கொண்டும் வந்தது.

படத்தில் மாப்பிள்ளையின் தாத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதுபோல் நடித்தார்.

"எங்க ஊட்டுக்காரரும் இதே கேஸ்தான்" என்று அவள் எல்லோர் பக்கமும் திரும்பினாள். "ரெண்டு வாட்டி சீரியஸ்னு போன் வந்துச்சி. செருப்புகூட போடாம ஓடனேன். போய்ப் பாத்தா உக்காந்து கஞ்சி குடிச்சிக்கினு கீறாரு. உப்பு கம்மியாம்!"

பாரதிதான் முதலில் சிரித்தாள். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பின் சீட்டில் இரம் என்கிற பெண், சிரிக்கிற சாக்கில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"பாரு, இரமுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சி" என்று விஜயகுமாரி பூரித்துப்போனாள்.

மாதனூர் தாண்டி அவள் ஊர் நிறுத்தத்தில் பஸ் நின்றபோது, படத்தில் இரண்டு மாமனார்களும் சாம்பார் கரண்டியோடு மாப்பிள்ளையைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். கீழே பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ரெண்டே நிமிஷம்ணா, முடிஞ்சிடும்."

வேதாசலம் பாரதியைப் பார்த்தார். பாரதி சரி என்று தலையை ஆட்டினாள்.

போதும் நிறுத்துங்கள் என்று யாராவது அப்போது கத்தியிருக்கலாம். ஒருத்தியும் கத்தவில்லை. வீட்டு வாசலில் பிணத்தைக் கிடத்திவிட்டு ஊரே காத்திருக்க, அவள் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி வயிறு குலுங்கச் சிரித்து, கடைசிக் காட்சியையும் பார்த்து முடித்தாள்.

திரும்பினால் படியில் கொழுந்தன் ஜெயப்பிரகாஷ். சட்டையில்லாத உடம்பில் ஒரு துண்டு.

"அண்ணன் போய்ட்டாரு அண்ணி" என்றான். பிறகு அடக்க முடியாமல் உடைந்தான். "பதினோரு மணிக்கே கம்பெனிக்கு போன் பண்ணனே. அப்பகூட பேசிக்கினுதான் இருந்தாரு. நீங்க வருவீங்கன்னு சாகற வரைக்கும் வாசலயே பாத்துக்கினு இருந்தாரு. ஏன் வரல?"

விஜயகுமாரியின் முகத்திலிருந்து சிரிப்பு இன்னும் முழுசாக இறங்கியிருக்கவில்லை. அவள் பாரதியைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் துளிகூடச் சந்தேகம் இல்லை. சாட்சிக்குக் கூப்பிட்டாள், அவ்வளவுதான்.

"அக்கா, காத்தால போன் எதுவும் வரலதானே? வந்திருந்தா நீ சொல்லியிருப்பதானே?"

"வரலடி" என்றாள் பாரதி.

பதினோரு மணிக்கு ஆபீஸ் பெண் கொண்டுவந்து கொடுத்த சீட்டைப் படித்து, நாலாக மடித்து, ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டவள் அவள்தான். மறுநாள் காலை கன்டெய்னர் கிளம்ப வேண்டும். இன்னும் நூற்றிருபது ஜோடி பாக்கி இருந்தது. தையல் மெஷினில் விஜயகுமாரி அளவுக்கு வேகமாகத் தைக்க லைனில் வேறு ஆள் இல்லை.