நூலாய் ஒழுகும் குழாய்

“தண்ணி வர்ற வழிய மறிச்சவனுக்கு…” என்று ஆரம்பித்த அம்மா பாதியில் நின்றுவிட்டாள். “உங்க தாத்தா அடிக்கடி சொல்வார்டா. மீதி என்னமோ வரும். தொண்டையிலேயே நிக்குது.”

“ஞாபகம் வரும்போது சொல்லும்மா,” என்றான் பெரியவன். அவன் தலை சமையலறை சிங்க்குக்குக் கீழே இருந்தது.

பாதி ஆயுளை வெளிநாட்டில் கழித்துவிட்டு, இனி அம்மாவோடுதான் என்று திரும்பி வந்திருந்தான். வந்ததும் வராததுமாக ஒரு தண்ணீர் ஃபில்டரை வாங்கி வந்துவிட்டான். அதுவரை ஒரு குழாயைக்கூடக் கழற்றி மாட்டியதில்லை. கைபேசியில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபடி ஸ்பேனரைக் கையில் எடுத்தான்.

“பிளம்பரைக் கூப்பிட்டுக்கலாமேண்ணா,” என்றான் சின்னவன், மறுபடியும்.

“இதுக்கு எதுக்குடா பிளம்பர்? முதல்ல குழாயில தண்ணியே வரல. ஒரு குக்கர் நிரம்பறதுக்குள்ள அம்மா ஒரு தூக்கம் போட்டு எழுந்துடலாம். இத்தன வருஷம் கூடவே இருந்து என்னதான் பண்ணின?”

“பைப் பழசுண்ணா. அப்படித்தான் வரும்.”

“எனக்குப் பழகிடுச்சு, விடுடா,” என்று அம்மா முன்னறைக்குப் போனாள்.

முதலில் கீழேயிருக்கும் வால்வை மூடு என்றது வீடியோ. மூடப் போன பெரியவனுக்கு, அது ஏற்கெனவே முக்கால்வாசி மூடியிருப்பது கையில் தட்டுப்பட்டது.

தலையை வெளியே இழுத்தான்.

“பைப் பழசா? யாருடா இதை இப்படித் திருகி வச்சது?”

“மெதுவா பேசுண்ணா.”

“நீதானா?”

சின்னவன் முன்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

“வெட்கமா இல்ல? பெத்தவளுக்குத் தண்ணியக்கூட அளந்தா ஊத்துவ? தாத்தா சொன்னதுல மீதிய நான் சொல்றேன், கேட்டுக்க. தண்ணி வர்ற வழிய மறிச்சவனுக்கு நல்ல கதி கிடையாது!”

“அதை அப்படியே விட்டுடுண்ணா. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

பெரியவன் மறுபடியும் உள்ளே நுழைந்தான். ஜாயின்ட்டில் கசிவைத் தடுக்கும் வெள்ளை டேப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றியதால், இறுக்க இறுக்க அது பிரிந்து வந்தது. வால்வைத் திறந்து பார்த்தபோது முகத்தில் தண்ணீர் அடித்தது. கழற்றினான், சுற்றினான், மறுபடி மாட்டினான். முட்டி சிராய்த்துக்கொண்டது. கடைசியில் ஃபில்டர் சுவரில் நேராக நின்றது. வால்வை முழுக்கத் திறந்துவிட்டான்.

“அம்மா, இங்க வந்து பாரு!”

குழாயைத் திருப்பியதும் தண்ணீர் பாய்ந்தது. அம்மா இரண்டு கையையும் நீட்டிச் சிரித்தாள். “அடேயப்பா, அருவிடா!”

பெரியவன் தம்பியைப் பார்த்தான். தம்பி தரையைப் பார்த்தான்.

அன்று முழுக்கச் சின்னவன் சமையலறையையே சுற்றிச் சுற்றி வந்தான்.

“என்னடா, ஃபில்டருக்குக் காவலா?” என்று பெரியவன் குத்திக் காட்டினான்.

மறுநாள் காலை சமையலறைப் பக்கம் சலசலவென்று சத்தம். பெரியவன் ஓடிப் போய்ப் பார்த்தால் தரையெல்லாம் தண்ணீர். பதறிப்போய் முதலில் தான் மாட்டிய ஜாயின்ட்டைத்தான் தடவிப் பார்த்தான். சொட்டு ஈரமில்லை.

அதற்குள் குளியலறையிலிருந்து சோப்பு நுரையும் துண்டுமாக ஓடி வந்த சின்னவன், எட்டிக் குழாயை மூடினான். சிங்க்கில் கவிழ்ந்து கிடந்த தட்டு ஓட்டையை அடைத்திருந்தது. அதை எடுத்ததும் தண்ணீர் உறுமிக்கொண்டு இறங்கியது.

“யாருடா இப்படித் திறந்து விட்டது?”

“அம்மா.” சின்னவன் கிசுகிசுத்தான். “கொஞ்ச மாசமாவே மூட மறந்துடறாங்கண்ணா. நூல் மாதிரி வந்தா சீக்கிரம் வழியாது. நான் வந்து மூடிடுவேன். மறந்ததே அவங்களுக்குத் தெரியாது.”

“எங்கிட்ட சொல்றதுக்கு என்னடா?”

“நீ உடனே அவங்களையே உக்கார வச்சுக் கேப்ப. பெரியம்மா கடைசியில பெத்த பிள்ளையவே யாருன்னு கேட்டாங்களே, அப்ப கூடவே இருந்து பாத்துக்கிட்டது அம்மாதானே? தனக்கும் அப்படியோன்னு தெரிஞ்சா அன்னைக்கே இடிஞ்சுடுவாங்க. டாக்டர்கிட்ட நான் பேசிட்டுத்தான் இருக்கேன்.”

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

அம்மா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். தரையைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

“என்னடா இது? நான்தான்… நான்தான் மூடாம போயிட்டேனா?”

சின்னவன் வாயைத் திறப்பதற்குள் பெரியவன் முந்திக்கொண்டான்.

“நீ இல்லம்மா. நான் மாட்டின ஜாயின்ட் பிச்சுக்கிச்சு. டேப்ப ஒழுங்கா சுத்தல.”

அம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது.

“அதானே பாத்தேன்! சின்னவன் தலபாடா அடிச்சுக்கிட்டான், பிளம்பரைக் கூப்பிடுன்னு. கேட்டியாடா நீ? கடல் தாண்டிப் போயிட்டு வந்தா எல்லாம் தெரிஞ்சுடுமோ?”

“தெரியாதும்மா.”

“நகரு, வழுக்கப் போகுது. துணி எடுத்துட்டு வரேன்.” முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

சின்னவன் குழாயைத் திறந்துவிட்டு, அதன் கீழே கையை நீட்டினான்.

பெரியவன் ஈரத்தில் மண்டியிட்டு, சிங்க்குக்குக் கீழே தலையை நுழைத்து, தம்பியின் கையில் தண்ணீர் நூலாக விழும்வரை வால்வை மூடினான்.