சுவர்த் தூசியும் எதிர்வீட்டுப் பிள்ளையும்

எதிர்வீட்டு மரியதாஸ் பத்து நாளாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டுக் கழிவறைக்கு ஓடுவதைப் பார்த்து, சர்க்கரை வியாதி என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். பிறந்த மகளை அவர் தொடவேயில்லை. அதற்கும் ஒரு காரணம் கட்டி வைத்திருந்தேன்.

"அதெல்லாம் இல்லக்கா," என்றாள் அவர் மனைவி ஸ்டெல்லா. "அவர் வேலை பாக்கற அணு இணைவு உலைச் சுவர்ல படிஞ்ச தூசியச் சுரண்டும்போது ட்ரிட்டியம்னு ஒரு கதிர்வீச்சுப் பொருள் உடம்புக்குள்ள போயிருச்சு. அது வெளியேறத்தான் இவ்வளவு தண்ணி. சிறுநீர்ல அளவு குறையாம பிள்ளையத் தூக்கமாட்டேங்கறாரு."

இன்று காலை அளவு இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. பிள்ளையை அள்ளியவர் கீழே விடவேயில்லை. நானும் நல்ல மனசோடு, "கொஞ்சம் இங்க குடுங்க தம்பி," என்று கை நீட்டினேன்.

"பத்து நாளா எங்களையே பார்த்துக்கிட்டிருந்தீங்க. இன்னும் பத்து நாள் பாருங்கக்கா," என்று கதவைச் சாத்தினார்.

ஜன்னலை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்.