மூங்கில் தந்தம்

தந்தம் முளைத்த யானைக்குத்தான் பெரிய சபையில் விசாரணை, முளைக்காத குட்டியைத் தாயே கண்டிக்கலாம் என்பது அந்தக் காட்டின் வழக்கம்.

விளையாட்டில் தோற்ற ஆத்திரத்தில் ஒரு குட்டியானை மான்குட்டியை மிதித்துக் கொன்றுவிட்டது.

"தந்தம்கூட முளைக்கலீங்க, குட்டிங்க" என்று தாய் யானை கெஞ்சியது.

"செத்ததும் குட்டிதானே?" என்றது தாய் மான்.

சபைத் தலைவனான கொம்பன் யோசித்தது. இரண்டு மூங்கில் துண்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, குட்டியின் வாயோரம் கொடியால் கட்டவைத்தது. "இப்போது தந்தம் இருக்கிறது, விசாரிக்கலாம்" என்றது. அடேயப்பா, என்ன சமர்த்து!

ஆற்றைத் தாண்டி அக்கரையில் ஆயுசு முழுக்கத் தனியாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

"ஏதாவது சொல்லணுமா?" என்றது கொம்பன்.

"ஆத்துல இறங்கும்போது யார் வாலைப் பிடிச்சுக்கணும்?" என்று கேட்டது குட்டி.

அதைத் தனியாகவே ஆற்றில் இறக்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து தாய் யானை தினமும் ஆற்றுக்கு முதுகைக் காட்டியபடி கரையில் நிற்கிறது. மகன்மேல் அவ்வளவு கோபமா என்று காடே பேசிக்கொண்டது. ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்த தாய் மான்தான், தண்ணீரைத் தொடுமளவுக்குத் தாழ்ந்து தொங்கிய அந்த வாலைப் பார்த்தது. குடிக்காமலே திரும்பிப் போனது.