கூப்பிட்ட கை

பெட்டியோடு வந்தவன் வீட்டு இலக்கம் பிடிபடாமல் தெருவின் மறுபக்கத்தில் நின்று முழித்துக்கொண்டிருந்தான்.

சுசிலா முன்கதவைத் திறந்து, அவனைப் பார்த்துக் கையை உயர்த்தி அசைத்தாள்.

அவன் தலையாட்டினான். பெட்டியைத் திரும்பவும் தன் வான் வண்டிக்குள் வைத்தான். ஏறிக் கதவைச் சாத்தினான்.

பெட்டிக்குள் இருந்தது அவள் கணவர் டினேஷின் படம். பெரிதாக்கிச் சட்டம் போட்டது. அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கே வந்திருக்க வேண்டும், பிந்திவிட்டது. இப்போது வாசல் வரை வந்தும் போகிறது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூப்பிடக் கூப்பிடப் போகிறானே, இவர்களுக்கெல்லாம் கண் எங்கே இருக்கிறது? அந்தப் படகுக்காரனும் இப்படித்தான் போனான்.

அந்தப் படகுக்காரனை அவள் சபிக்காத நாள் இல்லை.

கலியாண நாளுக்கென்று டினேஷ் ஆசைப்பட்டு ஒழுங்கு செய்த பயணம் அது. கிரேக்கத்தில் ஓர் எரிமலைத் தீவு. அதைச் சுற்றி அரை நாள் பாய்மரப் படகில் போகலாம், கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மீன் பார்க்கலாம்.

வேறு ஆட்களோடு என்றால் வரமாட்டேன் என்று அவள்தான் ஒற்றைக் காலில் நின்றாள். முன்பின் தெரியாத சனத்துக்கு முன்னால் நனைந்த உடுப்போடு நிற்க வெட்கம். அதனால் இரண்டு பேருக்கு மட்டும் தனிப்படகு. ஓட்டியவன் அங்கே போய்க் குடியேறிய இங்கிலாந்துக்காரன்.

கரும்பாறைகளுக்கு நடுவே நங்கூரம் போட்டார்கள். படகுக்காரன் சின்ன ரப்பர் படகில் ஏறி, கரைப் பாறையில் கயிறு கட்டப் போனான். படகின் மறுபக்கத்தால் டினேஷ் தண்ணீருக்குள் இறங்கினார். சனிக்கிழமை தவறாமல் ஹரோ நீச்சல் குளத்துக்குப் போகிற மனுஷன், அவருக்கு என்ன பயம்.

சற்று நேரத்தில் மூச்சுக்குழாய் சரிந்து தண்ணீருக்குள் போனது. அவர் கைகளை அடித்தார். இருமினார். அமிழ்ந்தார். மறுபடி மேலே வந்தார்.

சுசிலாவுக்கு நீந்தத் தெரியாது. படகு ஆடியது. இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் படகுக்காரனைக் கூப்பிட்டாள். வாங்கோ, வாங்கோ என்று கத்தவும் கத்தினாள். எதிர்க்காற்று சத்தத்தை அவள் வாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளியது.

அவன் பார்த்தான். அது நிச்சயம். நேருக்கு நேர் பார்த்து, சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, ரப்பர் படகைத் திருப்பிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய்விட்டான்.

அவன் திரும்பி வந்தபோது டினேஷ் குப்புற மிதந்துகொண்டிருந்தார்.

விம்பிள்டனிலிருந்தும் மனோர் பார்க்கிலிருந்தும் செத்தவீட்டுக்கு வந்த சனம் அத்தனை பேருக்கும் அவள் அதைக் கையால் செய்து காட்டினாள். இப்படித்தான் கூப்பிட்டேன், இப்படி, இப்படி. பார்த்த ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. கண்டும் காணாமல் போன பாவி என்று எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள்.

தீவுப் பொலிசுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் சொன்னதும் அதுதான். கையைக் காட்டிக் கூப்பிட்டாராம், அவன் போய்விட்டானாம்.

இப்போது அவன் மேல் வழக்கு. இன்றைக்கு அந்தப் பொலிசார் அவளிடம் கடைசியாக ஒருமுறை கேட்கப் போகிறார்கள். அவன் உள்ளே போவதும் வெளியே நிற்பதும் அவள் வாயில்தான் இருக்கிறது.

அவன் உள்ளே போக வேண்டும். அந்த ஒரு கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் காலையில் எழும்புகிறாள், பல் தீட்டுகிறாள், மகளுக்குச் சாப்பாடு போடுகிறாள். அதையும் விட்டால் அவளிடம் வேறொன்றும் இல்லை.

வான் நகரத் தொடங்கியது.

மகள் விதுஷா மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வாசலைத் தாண்டி ஓடினாள். அவள் இங்கே இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்தவள். உள்ளங்கையை மேலே மலர்த்தி, விரல்களைத் தன் பக்கம் மடக்கி மடக்கி அழைத்தாள்.

வான் நின்றது.

“அம்மா, நீங்கள் கையைக் கவிட்டு ஆட்டினா இந்த வெள்ளைக்காரருக்கு ‘போ, போ’ எண்டுதான் விளங்கும். அதுதான் அவன் வெளிக்கிட்டவன்,” என்று சொல்லி விதுஷா சிரித்தாள். அந்த வீட்டில் நெடுநாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

சுசிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வேலை செய்வது தமிழ்க் கடையில். பழகுவது தமிழ்ச் சனத்தோடு. இத்தனை வருடத்தில் அவள் கூப்பிட்டு யாரும் வராமல் போனதில்லை.

அவள் தன் கையைப் பார்த்தாள். அது இன்னும் உயர்ந்தபடியே, உள்ளங்கை நிலத்தைப் பார்க்க நின்றது.

அந்தப் படகுக்காரன் கண்டது என்ன? இரண்டு பேருக்கென்று எடுத்த தனிப்படகு. அகலத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக முகம் தெரியாத ஒரு பெண். போ, போ, எங்களைக் கொஞ்சம் தனியே விடு.

அதற்குத்தான் அவன் சிரித்தான்.

வானோட்டி பெட்டியை விதுஷாவிடம் கொடுத்தான். வாசலில் நின்ற சுசிலாவைப் பார்த்துப் புன்னகைத்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான்.

உள்ளேயிருந்து டினேஷின் தமையன் யோகராஜா தொலைபேசியோடு வந்தார்.

“சுசிலா, பொலிஸ் லைனில நிக்குது. நீர் கூப்பிடக் கூப்பிட அவன் போனவன் எண்டதை வடிவாச் சொல்லும்.”

மூத்தவர்களிடம் இடது கையால் ஒரு துரும்புகூட வாங்காதவள் சுசிலா.

கூப்பிட்ட அந்த வலது கையைச் சுவெட்டரின் நீளக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு, தொலைபேசியை வாங்க இடது கையை நீட்டினாள்.