கைராவில் இந்த வாரம்

"இந்தச் சனிக்கிழமையோட கைராவை நிப்பாட்டுங்கோ, தங்கச்சி."

சங்கத் தலைவர் ஜோன்சன் கதிரையில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்.

"நிப்பாட்டேலாது அண்ணை," என்றாள் ரஞ்சினி. அவளும் இன்னும் உட்காரவில்லை.

கூட்டம் சிட்னியின் கிரவீன் பகுதியில், பொருளாளர் இரத்தினசிங்கத்தின் வீட்டில். தேத்தண்ணி வருவதற்குள் சண்டை வந்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

விஷயம் இவ்வளவுதான். சிட்னியில் சனிக்கிழமை காலைகளில் சங்கம் ஒரு மணி நேரத் தமிழ் வானொலி நடத்துகிறது. முடிகிற நேரத்தில், வரும் வாரம் வானிலை எப்படியிருக்கும் என்று ரஞ்சினி வாசிப்பாள். முன்பெல்லாம் சிட்னி, மெல்பேர்ன், அவ்வளவோடு முடியும். இரண்டு மாதமாகக் கைராவும் சேர்ந்துகொண்டது. வடக்கே ஆறு மணி நேரம் கார் ஓடினால் வருகிற சின்ன ஊர். உருளைக்கிழங்கு விளைகிற, செம்மறி ஆடு மேய்கிற இடம். தமிழ்க் கடை இல்லை, தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை.

"அங்க ஒரு தமிழ்ச் சனமும் இல்லை. ஆருக்கு வாசிக்கிறியள்?" ஜோன்சன் விடவில்லை.

"கேக்கிறதுக்கு ஒரு ஆள் இருக்கு."

"ஆர்?"

"சொல்லமாட்டன்."

"தங்கச்சி அங்க காணி கீணி வாங்கிப்போட்டாவோ?" என்று சிரித்தார் இரத்தினசிங்கம். "விலை ஏத்திறதுக்கு விளம்பரமோ?"

இந்த நாட்டில் ஓர் ஊரின் பெயரை இரண்டு தரம் சொன்னால் நம் ஆட்களுக்கு வேறு என்னதான் தோன்றும்!

ரஞ்சினி சிரிக்கவில்லை. யார் கேட்கிறார்கள் என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்? கேட்பது ஜோன்சனின் மனைவி மாக்கிறேட்.

அவர்களுடைய மகள் பிறின்சி மாதா கோயிலில் கட்டாமல், ஒரு வெள்ளைக்காரப் பெடியனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, கோடை வெயிலில் கைராவுக்குப் போய்விட்டாள். அன்றோடு ஜோன்சன் மகளைத் தலைமுழுகிவிட்டார். வீட்டில் அவள் பெயரை எடுக்கக்கூடாது. அவளுக்குப் போன் எடுக்கக்கூடாது. யாராவது விசாரித்தால், "வேலை விஷயமா வெளியில நிக்கிறா," என்பார். ரேடியோவுக்குத் தடை போட மட்டும் மறந்துவிட்டார்.

ஒருநாள் பூசை முடிந்து வரும்போது மாக்கிறேட் ரஞ்சினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ர பிள்ளை இருக்கிற ஊரைப் பற்றி ரேடியோவில ஒரு சொல்லுச் சொல்லுங்கோ ரஞ்சினி. வெயிலோ மழையோ, அது போதும் எனக்கு."

முதல் வாரம் ரஞ்சினி உள்ளதை உள்ளபடி வாசித்தாள். கைராவில் இடியும் பெருமழையும் என்று. மாக்கிறேட் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து கைராவில் இதமான வெயில்தான். மே மாதம் பிறந்து, இந்த நாட்டுக் குளிர்காலம் நெருங்கி, இலையெல்லாம் கொட்டிய பிறகும் இதமான வெயில்தான். கைரா மலைமேல் இருக்கிற ஊர் என்று தெரியாமல், இந்த நாட்டில் வடக்கு என்றாலே வெக்கை என்று நினைக்கிற சனம் நாம். மாக்கிறேட்டும் அப்படியே நம்பினாள். பெற்ற தாய் நிம்மதியாகத் தூங்கட்டும், ஒரு பொய்யில் என்ன வந்துவிடப் போகிறது!

அந்த நிம்மதியைத்தான் இந்த மனிதர் இப்போது பறிக்கப் பார்க்கிறார். பெற்ற பிள்ளையையே வெட்டிவிட்டவருக்கு ஓர் ஊரை வெட்டுவது பெரிய வேலையா? ரஞ்சினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாக்கெடுப்பம்," என்றார் ஜோன்சன்.

"எடுங்கோ அண்ணை. தோத்தாலும் வாசிப்பன். என்னை நிப்பாட்டினாத்தான் கைரா நிக்கும்."

"என்ன பிள்ளை இது, இவ்வளவு பிடிவாதம்?" இரத்தினசிங்கம் இடையில் புகுந்தார். "அரை நிமிசம்தானே தலைவர், விட்டிடுங்கோவன்."

ஜோன்சன் மேசையில் ஓங்கி அடித்தார்.

"அரை நிமிசம் எண்டாலும் உண்மையை வாசிக்க வேணும்! போன கிழமை முழுக்க இதமான வெயிலாம். செவ்வாய்க்கிழமை விடியப்புறம் உறைபனி. புதன் மைனஸ் மூண்டு. வியாழன் காத்தும் ஆலங்கட்டியும். வாற கிழமை இதைவிட மோசம், ஞாயிறு பனி கொட்டினாலும் கொட்டும். இவ என்னடா எண்டா வெயில், வெயில், வெயில்!"



இரத்தினசிங்கம் உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"தமிழரே இல்லாத ஊர் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள் தலைவர். பிறகு ஏன் அந்த ஊர்க் குளிரை ஒவ்வொரு நாளும் பாக்கிறியள்?"

ஜோன்சன் அப்போதுதான் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். ரஞ்சினி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது அவளுக்கு மெல்ல விளங்கியது. தன் மனைவி சனிக்கிழமைகளில் குசினி அடுப்படியில் ரேடியோவைக் கட்டிக்கொண்டு நிற்பது ஏன் என்பதும் தெரிந்திருக்கிறது.

"பொய்யை வாசிக்கிறதைவிட வாசிக்காமலே விடலாம், தங்கச்சி." ஜோன்சன் மேசையைப் பார்த்தபடி சொன்னார். "பிறின்சியின்ர குளிர் உடுப்பு முழுக்க எங்கட வீட்டு அலுமாரியிலதான் கிடக்குது. கைராவில குளிர் எண்டு நீங்கள் உள்ளதைச் சொன்னாத்தானே, மாக்கிறேட் எனக்குத் தெரியாமல் அதை அனுப்பிவிடுவா!"