முப்பத்தாறும் மிதந்தன

முப்பத்தாறாவது முட்டையும் மிதந்தது.

"பாத்தீங்களா பெரியம்மா? நல்ல முட்டை முங்கும், கெட்டது மிதக்கும். தண்ணி பொய் சொல்லுமா?" வண்டியில் ஊர் ஊராக வரும் வியாபாரி மம்பெத் நாக்குக்கடியில் அடக்கியிருந்த பச்சைப் புகையிலையைத் துப்பினான். அது வாசல்படியில் விழுந்து வழிந்தது. சைகல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் ஒரு மாதமாக ஒவ்வொன்றாகச் சேர்த்த முட்டைகள். அவற்றைக் கொடுத்து மகள் ஜிபாருக்குக் கம்பளிப் பூட்ஸ் வாங்க வேண்டும். போன குளிரில் பிள்ளையின் கால்விரல்கள் நீலம் பாரித்துவிட்டன. அடை வைத்த மூன்று கோழிகளும் இந்தத் தடவை ஒரு குஞ்சுகூடப் பொரிக்கவில்லை. விற்க வேறொன்றும் இல்லை.

வண்டியின் ஹார்ன் கேட்டு, பால் கறந்துகொண்டிருந்தவள் ஓடி வருவதற்குள் மாமியார் உல்கானே கூடையைத் தூக்கி வந்துவிட்டாள்.

மம்பெத் வண்டியிலிருந்து இறக்கி வைத்திருந்த முட்டை வாளியை ஒரு நக்கு நக்கிய நாய், தலையை உதறிக்கொண்டு ஓடியது. அப்போதுதான் சைகல் கவனித்தாள். வாளியின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ காய்ந்து படிந்திருந்தது. உப்பு! உப்பைக் கொட்டிக் கரைத்த தண்ணீரில் எந்த முட்டைதான் முங்கும்?

"அத்தை, நம்ம ஓடைத் தண்ணியில ஒருதரம் போட்டுப் பாக்கலாமே."

"வாயை மூடுடி!" உல்கானின் முகம் வெளுத்தது. "சின்னப் பொண்ணு தம்பி, விவரம் பத்தாது. நீங்க பாத்துக் குடுங்க."

"நாக்கு நீளமான மருமகதான்," என்று மம்பெத் சிரித்தான். "இதெல்லாம் தோலுக்காக நரி வளக்கற பண்ணைக்குத் தீனி. ஏதோ உங்க மொகத்துக்காக எடுத்துக்கறேன்." மெல்லிசான ரப்பர் செருப்பு ஒரு ஜோடியைத் தூக்கி எறிந்தான்.

உல்கான் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தாள். பிறகு முட்டைகளைத் தானே எடுத்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல ஒவ்வொன்றாக அவனுடைய வைக்கோல் பெட்டியில் அடுக்கினாள்.

அவனுடைய அழுக்கு நகங்களைக்கூடச் சைகலால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அந்தக் குனிந்த முதுகைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. ஏமாற்றுகிறவனுக்கு இவ்வளவு பணிவிடையா? இருபது வருடம் கழித்து நானும் இப்படித்தான் குனிவேனோ? அந்த நினைப்பு வந்ததும், அவன் மேலிருந்த அருவருப்பு அவளுக்குத் தன் மேலேயே திரும்பியது.

வண்டி கிளம்பியது.

"உப்புத் தண்ணி அத்தை அது! உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

"தெரியாம என்ன?" உல்கான் ஓடையோரம் உட்கார்ந்து கைகளுக்குச் சோப்புப் போட்டாள். "போன வருஷம் என் முட்டையெல்லாம் இதே வாளியிலதான் மிதந்துச்சு. அடுத்த ஊர்ல போய்ப் புது முட்டைன்னு வித்தானாம்."

"தெரிஞ்சுமா குடுத்தீங்க? ஜிபாரோட பூட்ஸ் அத்தை அது. சீ! அவன் முன்னால போய் அப்படிக் குனிஞ்சு..."

உல்கான் கையை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தாள். மறுபடியும் சோப்புப் போட்டாள். தூரத்தில் வண்டி மேடு பள்ளங்களில் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது. அவள் அதையே கவனித்தாள்.

"பாலம் வரைக்கும் தாங்காதுன்னு நினைக்கிறேன்," என்றாள்.

"எது?"

"உன் முட்டை உள்ளறையில பத்திரமா இருக்குடி. அவன் ஏத்திட்டுப் போறது, மூணு கோழியும் பொரிக்காம விட்ட கூமுட்டை."