கொதிக்கவைத்த குப்பி

தோல் காயப்போடும் மைதானத்து மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து, தழும்பைக் கரைக்கும் நொதியைப் பிரித்தெடுப்பதுதான் வாணியம்பாடி லேபில் இன்பநாதனுக்கு வேலை. ஊரில் இப்போது யார் உடம்பிலும் தழும்பு கிடையாது, அவன் மனைவி பூவிழியின் முழங்கையைத் தவிர. சின்ன வயதில் பட்ட தீக்காயம். சாயங்காலம்தோறும் அவன் நொதியைத் தடவித் தடவியே, மடங்கிக் கிடந்த கையை அவளால் நீட்ட முடிந்தது. தழும்பில் மிச்சம் ஒரு விரலகலம். தங்கை கல்யாணத்துக்குள் அதுவும் போயாக வேண்டும் என்று பூவிழி ஒற்றைக்காலில் நின்றாள்.

மூன்று வயது மகள் நறுமுகை அந்தத் தழும்பை வருடிக்கொண்டேதான் தூங்குவாள். இப்போது விரலால் தேடித் தேடி, அகப்படாமல் அழுதாள்.

இன்பநாதனுக்கு மனசு கேட்கவில்லை. லேபில் ஒவ்வொரு சோதனையிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு குப்பி நொதியைக் கொதிக்கவைத்துச் சாகடிப்பார்கள். எதையும் கரைக்காத அந்தக் குப்பியைக் கொண்டுவந்து, ஒன்றும் தெரியாதவன் போலத் தடவ ஆரம்பித்தான்.

ஒரு வாரம் போயிற்று.

"என்னங்க, இது கரையவே மாட்டேங்குதே?"

"பழைய தழும்பு இல்லையா, மெதுவாத்தான் போகும்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பூவிழி சிரித்துவிட்டாள். "நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி நானும் அதே லேப்லதான் இருந்தேன், மறந்துட்டீங்களா? நல்லதா இருந்தா தடவின உடனே சுருக்குனு குத்தும். இது முதல் நாளே குத்தல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, நல்லதைக் கொண்டுவந்திருப்பீங்க" என்றபடி மகள் பக்கமாகக் கையை நீட்டிப் படுத்தாள்.